தீப்பந்து எறிந்தால் பொருளும் எரியட்டும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை ஆடும்போது எங்கள் கூட்டத்தில் தீராத வழக்கு ஒன்று உண்டு. எதிரிமேல் தீப்பந்து மந்திரம் ஏவினால் அவன் வைத்திருக்கும் பொருளும் எரியுமா? எரிய வேண்டும் என்பதுதான் என் கட்சி. 1978 விதிநூலில் அந்தத் தீ தங்கம், வெள்ளியைக்கூட உருக்கிவிடும். 2014 பதிப்பிலோ உடுத்திய பொருளும் கையில் இருப்பதும் தீப்பிடிக்காது. ஆட்டம் வேகமாகப் போகும், சரி. ஆனால் ஏவுகிறவன் யோசிக்க வேண்டிய தேவை போய்விடுகிறது.

தீ பொருளை விட்டுவைக்காது என்பதற்கு நிஜப் போரிலேயே சாட்சி உண்டு. எங்கள் ஊர் இனயத்துக்குப் பக்கத்தில்தானே குளச்சல்! 1741 ஆகஸ்டில் அங்கே திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வளைத்து நின்றது. ஒரு பீரங்கிக் குண்டு அவர்களின் வெடிமருந்தில் விழுந்து, அந்தத் தீயில் அரிசி இருப்பு அழிந்தது என்பார்கள். டச்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். துப்பாக்கிகளும் பீரங்கிகளும் திருவிதாங்கூர் கைக்கு வந்தன; அரிசி யாருக்கும் இல்லை. பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய் பின்னாளில் அதே மன்னரின் படையைப் பழக்கினார்.

எது எரியும், எது தப்பும் என்று பார்ப்பதில்தான் எனக்கு ஆட்டமே. மந்திரச் சுவடி சாம்பலாகட்டும், வாள் கரிபிடித்துக் கிடக்கட்டும். பொருள் முழுசாக வேண்டுமென்றால் உறக்க மந்திரம் இருக்கிறது, அதை ஏவுங்கள்.