கல்லில் மட்டும் எஞ்சிய அரசர்

சோழ இலங்கேஸ்வர தேவரை இலங்கை அரசர்களின் வரலாற்று நூலான சூளவம்சம் அறியாது. கோணேசர் கல்வெட்டு என்ற நூலும் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாக மரபு சொல்லும் குளக்கோட்டன் என்ற மன்னனின் புகழைத்தான் சொல்கிறது. இப்படி ஒருவர் திருகோணமலைப் பக்கத்தில் அரசாண்டார் என்பதற்கு மானாங்கேணியிலும் கந்தளாயிலும் கிடைத்த கல்வெட்டுகளே சாட்சி. அவருடைய இரண்டு கல்வெட்டுகளைப் பற்றி செ. குணசிங்கம் 1974இல் எழுதிய சிறு நூல்தான் என்னைக் கல்வெட்டுப் படியெடுக்கும் வேலைக்குள் இழுத்துவந்தது.

படியெடுப்பது பொறுமையான வேலை. கல்லைத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டுதான் கழுவ வேண்டும். கம்பித் தூரிகை பட்டால் எழுத்தின் விளிம்பு போய்விடும். நனைத்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கும்வரை தட்டி, ஈரம் சற்று வாங்கியதும் மை ஒற்றுவோம். கறுப்பு நடுவே எழுத்து வெள்ளையாய் எழும்பும். கடற்காற்றில் அரித்த கல்லென்றால் மாலை வெயில் சாயும்வரை காத்திருப்பேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஆழமற்ற கீறலும் நிழல் பிடிக்கும்.

அதன்பிறகுதான் உண்மையான சோதனை. சோழர் காலக் கல்லில் புள்ளி பெரும்பாலும் இராது; ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். பொருளை வைத்தே சொல்லைப் பிரிக்க வேண்டும். நம் ஆசை நுழைவதும் அந்த இடத்தில்தான். சிதைந்த இடத்தில் விரும்பிய பெயரைப் போட்டு நிரப்புவது அந்த அரசருக்கே செய்யும் துரோகம்.

கந்தளாய்க் கல்வெட்டில் எனக்கு மிக அருமையானது அதன் காலக்குறிப்பு. இராசராசச் சதுர்வேதிமங்கலத்துச் சபையின் செய்தியைச் சொல்லும் அந்தக் கல், ஆண்டைச் சோழப் பேரரசரின் கணக்கில் எண்ணவில்லை. இலங்கேஸ்வர தேவரின் 10ஆம் ஆட்சியாண்டு என்கிறது. மதுரையில் சோழ பாண்டியர் என்ற பட்டத்தோடு ஆண்ட சோழ இளவரசர்களும் இப்படித் தம் ஆண்டைத் தாமே எண்ணியவர்கள். ஆகவே இவரையும் இராசேந்திர சோழன் முடிசூட்டி அனுப்பிய மகன்களில் ஒருவராக ஆய்வாளர் கொள்வதில் எனக்கு நம்பிக்கை உண்டு. இவரையே குளக்கோட்டனாக்க மட்டும் என் மனம் ஒப்பாது. கல்லில் அப்படி ஒரு சொல் இல்லை.

எழுத்து மட்டுமே காட்டிக்கொடுத்த அரசர் வேறிடத்திலும் உண்டு. எகிப்தின் அபிதோசில் 2014இல் ஒரு கல்லறைச் சுவரில் பெயர் வாசிக்கப்பட்ட பிறகே செனெப்காய் என்ற மன்னரை உலகம் அறிந்தது. இங்கேயும் அப்படி நடக்கலாம். 1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் இணைக்கயல் பொறித்த கல் இன்றும் நிற்கிறது. அப்படிச் சிதறிய கற்கள் இன்னும் இருக்கலாம். ஆகவே திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிய ஊர்களில் அத்திவாரம் வெட்டும்போதோ கிணறு இறைக்கும்போதோ எழுத்துள்ள கல் தட்டுப்பட்டால், சுண்ணாம்பு பூசாதீர்கள், சீமெந்து வைத்துப் படியாக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுத் தொல்லியல் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.