மேஸ்ஹோ: எலும்புகளற்ற கல்லறை

ஸ்காட்லாந்தின் வடமுனைக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் ஆர்க்னித் தீவுகளில் மரங்கள் மிக அரிது. அங்கு மரத்தின் வேலையையும் கல்லே செய்திருக்கிறது. அந்த மண்ணின் மணற்கல் அடுக்கடுக்காக, பலகை போலப் பிளந்து வருவது. ஸ்காரா ப்ரே என்னும் புதிய கற்காலக் குடியிருப்பில் கட்டிலும் அலமாரியும்கூடக் கல்தான். 1850ஆம் ஆண்டுப் புயலொன்று மணலை வாரிக்கொண்டு போக, வெளியே தெரிந்த ஊர் அது. காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் பிற்பகலில் மேஸ்ஹோவுக்குச் சென்றோம். உயிரோடிருந்தவர்களின் வீடுகள் அத்தனை சிறியவை என்பதை முதலில் பார்த்துக்கொண்டது நல்லதாயிற்று.

மேஸ்ஹோ வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஒரு புல்மேடு, அவ்வளவே. குறுக்களவு ஏறத்தாழ 35 மீட்டர், உயரம் 7 மீட்டர். வயது ஐயாயிரம் ஆண்டு. எகிப்தின் பெரும் பிரமிடுகளுக்கு மூத்தது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது, உள்ளே படமெடுக்கவும் கூடாது. எங்களுக்கு இந்தத் தடை பிடித்திருந்தது. கைகள் சும்மா இருந்தால் கண்கள் வேலை செய்கின்றன.

பத்து மீட்டர் நீளமுள்ள தாழ்ந்த நடையில் இடுப்பை மடித்துத்தான் போகவேண்டும். அதன் சுவரில் ஐந்து மீட்டருக்கும் நீளமான ஒற்றைக் கற்பலகைகள். குனிந்தபடி போகிறவன் தன் காலடியைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. பிறகு சட்டென்று நிமிரலாம். நாலரை மீட்டர்ச் சதுரத்தில் ஒரு மண்டபம். சுவர்கள் மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு வரிசையும் சற்றே உள்நோக்கி நீண்டு கூரையை நெருங்குகின்றன. சாந்து கிடையாது. மூன்று சுவர்களில் மூன்று சிறு அறைகள். அவற்றை அடைத்திருந்த கற்கள் தரையில் கிடக்கின்றன. இந்த அறைகளின் கட்டுமானம் மண்டபத்தின் கட்டுமானத்தைத் தலைகீழாக்கியதுபோல் இருக்கிறது என்று 2020இல் ஓர் ஆய்வு சொல்லிற்று: இறந்தவர்களின் உலகம் நம்முடையதன் மறுபுறம் என்று கட்டியவர்கள் எண்ணியிருக்கலாம். நிரூபிக்க முடியாத கருத்துதான். ஆனால் அங்கே நிற்கும்போது அதை மறுக்கத் தோன்றவில்லை.

எங்களுள் ஒருவர் அவ்வாண்டுதான் தாயை இழந்திருந்தார். அவர் கேட்ட கேள்வி ஒன்றே: எலும்புகள் எங்கே?

இல்லை. 1861இல் ஜேம்ஸ் ஃபாரர் மேட்டின் உச்சியைத் துளைத்து இறங்கியபோது கிடைத்தவை மண்டையோட்டுத் துண்டுகள் சில, அவ்வளவுதான். இப்போதுள்ள கூரை அதன்பின் இடப்பட்டது. எத்தனை பேரை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள், எலும்புகளை எப்போது யார் எடுத்துப்போனார்கள் என்பதற்கு விடையில்லை. இத்தனை பெருமுயற்சியில் எழுப்பிய வீட்டில் வீட்டுக்காரர்கள் மட்டும் இல்லை.

வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்லறையை உடைத்துப் புகுந்த வடநாட்டவர் சுவரெங்கும் ரூன் எழுத்துகளைக் கீறியிருக்கிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட வரிகள். எருசலேம் பயணிகள் இம்மேட்டை உடைத்ததாக ஒன்று சொல்கிறது. ஒருவன் தன் பெயரை எவருக்கும் எட்டாத உயரத்தில் பொறித்துவிட்டு, உயரத்தில் பொறித்தேன் என்பதையே செய்தியாக்கியிருக்கிறான். இன்னொருவன் இங்கிகெர்த் என்பவளே பேரழகி என்கிறான்; அருகில் நாக்கைத் தொங்கவிட்ட ஒரு நாய். மேற்குக் கடலிலேயே ரூன் எழுத்தில் தன்னை மிஞ்சியவன் இல்லை என்று ஒருவன். இலக்கியக் கூட்டங்களுக்குப் போய்வருகிற எங்களுக்கு இவர் அந்நியராகத் தோன்றவில்லை.

1153இல் பனிப்புயலுக்கு அஞ்சி இங்கே ஒதுங்கிய ஹரால்ட் பிரபுவின் ஆட்களில் இருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதாக ஆர்க்னியிங்கா சாகா கூறுகிறது. அதை நம்புவதில் எங்களுக்குச் சிரமமில்லை.

ஆனாலும் ஓர் உறுத்தல். கல்லறையைச் சூறையாடியவர்களின் கிறுக்கல்களைப் படித்து நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். கட்டியவர்கள் ஒரு சொல்லும் விட்டுச்செல்லவில்லை. அவர்களிடம் எழுத்தே இருந்ததில்லை. எழுதத் தெரிந்தவன் எவ்வளவு அற்பமானதை எழுதினாலும் நினைவில் நின்றுவிடுகிறான் என்பது நியாயமா? தாயை இழந்த நண்பர் இதற்கு உடன்படவில்லை. கட்டியவர்கள் சொல்லவேண்டியதைச் சூரியனிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்றார்.

அவர் குறிப்பிட்டது கதவின் திசையை. குளிர்காலக் கதிர்த்திருப்பத்தை ஒட்டிய சில வாரங்களில், ஹோய்த் தீவின் மலைக்குமேல் இறங்கும் சூரியனின் கதிர் நடைவழியே புகுந்து பின்சுவரைத் தொடும். நாங்கள் போனது டிசம்பர் நடுவில். ஆர்க்னி வானத்தை நம்பி யாரும் பந்தயம் கட்டமாட்டார்கள். வழிகாட்டி விளக்கை அணைத்தார். மேகம் ஓரிடத்தில் கிழிந்திருக்க வேண்டும். நடையின் தரையில் செம்மஞ்சளாக ஒரு கோடு நீண்டு, பின்சுவரின் அடியில் ஏறி, அங்குள்ள சிற்றறையின் வாயிலைத் தொட்டது. உள்ளே வெற்றுக் கல். இரண்டு நிமிடம் இருந்திருக்கும். ஒருவரும் பேசவில்லை. நண்பர் மட்டும் கோட்டின் மேல் தம் நிழல் விழாதபடி சுவரோரமாக நகர்ந்து நின்றார்.