மலையேற்றத்துக்கு மாடியிறக்கம்

மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய கல்சுபாய் 1,646 மீட்டர் உயரமுடையது. இமயத்தைக் கண்டவர்களுக்கு இஃது ஒரு மேடு. ஆயினும் அடிவாரத்துப் பாரி கிராமத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் நடந்தே ஏறவேண்டும். செங்குத்தான பாறைகளில் இரும்பு ஏணிகளைப் பற்றிச் செல்லவேண்டும். 64 வயதும் 67 வயதுமான எங்கள் இருவருக்கும் அது மேடாகத் தோன்றவில்லை. மும்பைக்கு வந்த புதிதில், 1986-இல், ஒருமுறை ஏறியிருக்கிறோம். அந்தக் கால்கள் வேறு.

எங்களில் ஒருவருக்கு முழங்கால் வலி, மற்றவருக்கு நீரிழிவு. யாருக்கு எது என்று வெளியிடுவது இல்லறத்துக்கு உகந்ததன்று. முழங்கால் வலியுடையவர் இரண்டாண்டுகளாகக் குடியிருப்பின் வாயிலைத் தாண்டவே தயங்கினார். சந்தைக்குப் போவது நின்றது. சங்க விழாக்களுக்கு வருவதும் நின்றது. நாற்காலியே உலகமாகிவிடுமோ என்ற அச்சம் இருவரையும் பற்றியது. மலைக்குப் போவதென்று தீர்மானித்தது அந்த அச்சத்தினால்தான். “இந்த வயதில் எதற்கு?” என்று மகன் தொலைபேசியில் கடிந்துகொண்டான்.

வைத்தியர் சோதித்து அனுமதி தந்தபின், இயன்முறை மருத்துவர் ஓர் அம்மையாரிடம் சென்றோம். அவர் சொன்னது புதுமையாக இருந்தது. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போதோ, நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்கவேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத தசை அவ்வேலையில் விரைவில் தளர்ந்துபோக, அதிர்ச்சியெல்லாம் மூட்டின்மேல் விழுகிறது. “ஆகையால் லிப்டில் மேலே போய், படியில் இறங்கி வாருங்கள்” என்றார்.

அப்படியே செய்தோம். முதல் வாரம் இரண்டு மாடி. நான்காம் மாதத்தில் பதினொரு மாடி. பிறகு முதுகுப்பையில் 2 கிலோ அரிசி, அதன்பின் 5 கிலோ. எங்கள் காவற்காரர் பல நாள் பொறுத்திருந்து, “இறங்கும்போது லிப்ட் வேலை செய்யவில்லையா?” என்று பரிவோடு விசாரித்தார். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியும் உண்டு. நான்கு முறையில் தொடங்கிப் பதினைந்துக்கு வந்தோம். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பயிற்சி. இளமையில் ஓர் இரவில் ஆறிய தசைவலி இப்போது இரண்டு நாள் கேட்கிறது, கொடுத்துவிடுவதே மரியாதை.

நீரிழிவுக்காரருக்குக் காலணியே பெருங்கவலை. இறக்கத்தில் விரல்கள் முன்புறம் மோதும். உணர்ச்சி குன்றிய பாதத்தில் கொப்புளம் எழுந்தாலும் தெரியாது. ஆதலால் சற்று இடமுள்ள காலணி, இரவுதோறும் பாதச் சோதனை, பையில் எப்போதும் கடலைமிட்டாய். போரிவிலிக் காட்டிலுள்ள கன்ஹேரிக் குகைகளின் பாறைப் படிகளில் இருமுறை ஒத்திகை பார்த்தோம்.

ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டோம். எவர் போதும் என்றாலும் இருவரும் திரும்பவேண்டும், காரணம் கேட்கலாகாது. முற்பகல் 11 மணிக்கு எங்கிருந்தாலும் இறக்கம்.

மழைக்காலம் கழிந்து, பாறை உலர்ந்த டிசம்பரில் விடியுமுன் புறப்பட்டோம். கைத்தடிகள் பெரிதும் உதவின. ஏணிகளில் அவற்றைப் பையில் செருகிக்கொண்டோம். கடைசி ஏணிக்குக் கீழேயுள்ள கிணற்றருகே வந்தபோது மணி பதினொன்று. சிகரத்தில் நிற்பவர்களின் பேச்சுக்குரல் காதில் விழுந்தது. “இன்னும் கொஞ்ச தூரந்தானே!” என்றவர் முழங்கால் வலியுடையவர். மற்றவர் ஒன்றும் பேசாமல் கைக்கடிகாரத்தைக் காட்டினார். சிறிது நேரம் ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினோம்.

ஏணிகளில் பாறையை நோக்கியபடியே பின்னோக்கி இறங்கினோம். பாரியை அடைய நான்கு மணி நேரமாயிற்று. மறுநாள் தொடை வலித்தது, முழங்கால் வீங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, அதற்குரியவர் யாரிடமும் சொல்லாமல் சந்தைக்கு நடந்துபோய் முருங்கைக்காய் வாங்கி வந்தார்.

பிப்ரவரியில் மீண்டும் போக உத்தேசம். இம்முறை ஒரு மணி நேரம் முன்னதாகவே ஏறத் தொடங்குவோம். உடன்வர விரும்பும் அன்பர்கள், அதுவரை தத்தம் கட்டடங்களில் லிப்டில் ஏறிப் படியில் இறங்கி வரலாம். காவற்காரருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.