குறி நிற்கும் இடம்

எழில் மொழியில் எழுதிய நிரல் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் குறிகளைத்தான் தேடும். முத்து அண்ணாமலை 2007 வாக்கில் பைத்தானின் மேல் கட்டத் தொடங்கிய சிறு நிரல்மொழி அது. கட்டளைச் சொற்கள் தமிழ். மாறிகளுக்குத் தமிழிலும் பெயர் வைக்கலாம், ஆங்கிலத்திலும் வைக்கலாம். கூட்டல், கழித்தல், பெருக்கலுக்கு நட்சத்திரம், வகுத்தலுக்குச் சாய்கோடு, ‘சமமா?’ என்று கேட்க இரட்டைச் சமக்குறி ஆகியவை மட்டும் இரண்டு மொழிக்கும் பொதுவாக நிற்கின்றன.

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
பதிப்பி "மீண்டும் எழுது"
முடி

இதில் எனக்குப் பிடித்த இடம் முதல் வரி. ஆங்கிலச் சொற்களால் ஆன மொழிகளில் ‘இஃப்’ முதலில் வரும். நிபந்தனை அதன் பின்னால் வரும். இங்கே நிபந்தனை முழுதாக முடிந்த பிறகுதான் ‘ஆனால்’ வருகிறது. வீட்டில் நாம் பேசுவதும் இந்த வரிசையில்தானே? நிபந்தனை இங்கிருந்து தொடங்குகிறது என்று கணினிக்குக் காட்டும் வேலையை முன்னால் நிற்கும் @ பார்த்துக்கொள்கிறது.

இவ்வளவு தூரம் வந்தவர்கள் கூட்டல் குறியையும் பின்னால் தள்ளியிருக்கலாமே என்று தோன்றும். ‘இரண்டையும் மூன்றையும் கூட்டு’ என்கிறோம். எண்கள் முதலில், செயல் கடைசியில். 1972இல் வந்த எச்பி-35 கால்குலேட்டரில் கணக்குப் போட்டதும் இப்படித்தான். இரண்டை அழுத்தி, உள்ளிட்டு, மூன்றை அழுத்தி, கடைசியில் கூட்டலை அழுத்த வேண்டும். தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. ‘ஆறை மூன்றால் வகு’, ‘மூன்றால் ஆறை வகு’, எப்படிச் சொன்னாலும் விடை இரண்டுதான். எதை எதனால் வகுக்கிறோம் என்பதை வேற்றுமை உருபு சொல்லிவிடுகிறது. சாய்கோட்டுக்கு அந்தத் திறமை கிடையாது. எண்களை இடம் மாற்றினால் விடை அரையாகிவிடும்.

ஆனாலும் எழில் கூட்டல் குறியை நடுவிலேயே விட்டுவைத்தது சரி என்றே நினைக்கிறேன். அப்படி நினைக்கும்போதெல்லாம் ராபர்ட் ரெக்கார்ட் ஞாபகத்துக்கு வருகிறார்.

வேல்ஸில் டென்பி ஊரில் பிறந்த மருத்துவர் அவர். லத்தீன் தெரியாதவனுக்குக் கணக்கு எட்டாத காலத்தில், ஊரார் பேசிய ஆங்கிலத்தில், ஆசிரியரும் மாணவனும் உரையாடுவதுபோலக் கணக்குப் புத்தகம் எழுதினார். வடிவியலுக்கு லத்தீன், கிரேக்கச் சொற்கள் வேண்டாம் என்று எளிய ஆங்கிலச் சொற்களையும் உண்டாக்கினார். அவற்றில் பல நிலைக்கவில்லை. 1557இல் வந்த ‘தி வெட்ஸ்டோன் ஆஃப் விட்’ நூலில், ‘இதற்கு அது சமம்’ என்று திரும்பத் திரும்ப எழுதும் சலிப்பைத் தவிர்க்க, ஒரே நீளத்தில் இரண்டு இணைகோடுகளைப் போட்டார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள் எவை என்பது அவர் சொன்ன காரணம். அன்று அச்சான கோடுகள் இன்றைய சமக்குறியைவிட நீளமானவை. மறு ஆண்டே லண்டன் சிறையில் இறந்துபோனார். தாய்மொழியில் கணக்குச் சொல்லித்தரப் பாடுபட்டவர் போட்ட அந்த இரண்டு கோடுகளை இன்று எல்லா மொழிப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள்.

எழில் நிரலிலும் அந்தக் கோடுகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளை கணக்கு நோட்டில் போடும் அதே குறியைத் திரையிலும் பார்த்தால் பாதி பயம் போய்விடும். அடுத்த தமிழ் நிரல்மொழியை எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குறிகளை இருக்கிற இடத்திலேயே விடுங்கள், ‘ஆனால்’ மட்டும் நிபந்தனைக்குப் பின்னால் வரட்டும்.