1,499 ரூபாய்க் கணக்கு



போன வாரம் அலைபேசிக்கு ஒரு செய்தி. அமேசான் பிரைம் சந்தா முடிகிறது, 1,499 ரூபாய் தானாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று. இப்படிப் பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒவ்வொரு வருஷமும் வந்திருக்கும். நான்தான் படித்ததில்லை.

கொரோனா ஊரடங்கில் மகள் போட்டுக் கொடுத்தது. அப்போது 999. 2016-ல் இங்கே தொடங்கியபோது 499. 2021 டிசம்பரில் 1,499 ஆனது.

கணக்கு வாத்தியார் சும்மா இருப்பானா? நோட்டை எடுத்தேன்.

ஒரு வருஷத்தில் நான் வாங்கியது 31 தடவை. அதில் 22 தடவை 499 ரூபாய்க்கு மேல். பெரும்பாலும் அந்தத் தொகைக்குச் சந்தா இல்லாதவர்களுக்கும் டெலிவரி இலவசம்தான். ஓரிரு நாள் தாமதமாக வரும், அவ்வளவே. மிச்சம் 9 தடவை. ஒன்றுக்கு 40 ரூபாய் டெலிவரி கட்டணம் என்றால் 360 ரூபாய். 360 ரூபாய் மிச்சம் பிடிக்க 1,499 கொடுத்திருக்கிறேன்! கட்டணத்தில் மட்டும் முதலை எடுக்க வேண்டுமானால் 38 சின்னப் பொருள்கள் வாங்கியிருக்க வேண்டும்.

படம் பார்க்கலாமே என்பீர்கள். வருஷத்துக்கு மூன்று படம் பார்த்திருப்பேன். 2025 ஜூனிலிருந்து அதிலும் விளம்பரம். வேண்டாமென்றால் வருஷத்துக்கு 699 தனி.

அந்த 9 பொருள்கள் என்னவென்று பார்த்தபோதுதான் சுருக்கென்றது. பேனா ரீஃபில், நகவெட்டி, கோந்து, டார்ச் செல்... எல்லாமே தெருமுனைக் கடையில் கிடைப்பவை. கடைக்காரர் என் பழைய மாணவர். டெலிவரி இலவசம்தானே என்ற நினைப்பில், பத்து நிமிஷ நடையை நானே நிறுத்தியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் ரீஃபில் வாங்கப் போனேன். "என்ன சார், ஆளையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து பார்க்கலாம்னு இருந்தேன்" என்றார். ஸ்டூலை எடுத்துப் போட்டார். டீ வந்தது. முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். உங்கள் டீச்சரம்மா போன பிறகு, நான் ஒரே ஆளோடு அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். ரீஃபில் பத்து ரூபாய்.

சந்தாவை நிறுத்திவிட்டேன்.

அதற்காக எல்லாரும் நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. என் அக்காவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். படி இறங்க முடியாது. வாரம் இரண்டு தடவை ஏதாவது வரவழைக்கிறார். அவருக்கு அது லாபம்தான். கைக்குழந்தை வைத்திருக்கும் என் மாணவிகளுக்கும் அப்படியே. கூட்டுக் குடும்பத்தில் எல்லாரும் சேர்ந்து படம் பார்க்கிறீர்களா, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் செயலியில் 'ஆர்டர்கள்' பகுதியைத் திறந்து, போன ஒரு வருஷத்தில் 499-க்குக் கீழே எத்தனை என்று எண்ணுங்கள். 40-ஆல் பெருக்குங்கள். விடையைக் கீழே எழுதுங்கள். வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு, "வெயில்ல ஏம்ப்பா அலையறீங்க?" என்று கூப்பிடுவாள். கூப்பிடட்டும். அதுவும் லாபக் கணக்குதான்.