அப்பா சிரிக்கும் அந்தப் படம்

வண்டலூர் வீட்டில் ஒரு மழை இரவு. மறைந்த அப்பாவின் போட்டோக்களைச் சரிசெய்து, ஹார்ட் டிஸ்க்கில் சேமித்துக்கொண்டிருந்தேன். கரன்ட் போய்விட்டது. அவர் சிரிக்கும் படம் பிறகு திறக்கவே இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பழையதன் மேலேயே எழுதியதுதான் வினை. இசட்.எஃப்.எஸ்., பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்ற ஃபைல் சிஸ்டங்கள் புதியதை வேறிடத்தில் எழுதி முடித்த பிறகே பழையதை விடும். இரண்டு டிஸ்க்கில் ஒரே பிரதி வைத்தால், ஒன்றில் கெட்டதை மற்றதிலிருந்து சரிசெய்யும். 2005-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட முதலாவது, பெரிய சர்வர்களுக்கு ஏற்றது. இரண்டாவது 2009 முதல் லினக்ஸிலேயே இருக்கிறது. பழைய லேப்டாப்புக்கு எனக்கு அதுவே போதும்.

ஆனால், 2015 வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியதைப் பார்த்தவள் நான். தண்ணீர் வந்தால் இரண்டு டிஸ்க்கும் போகும். மூன்றாவது பிரதி இப்போது திருச்சியில், அத்தை வீட்டு பீரோவில்!