நீரும் அமானிதமே
நமது இல்லத்துக் கண்ணாடித் தொட்டியில் கார்டினல் டெட்ரா மீன்கள் சில வாழ்கின்றன. அமேசானின் துணையாறான ரியோ நீக்ரோ இவற்றின் தாயகங்களுள் ஒன்று. அங்கே நீரின் பி.எச். அளவு 5-க்கும் கீழிறங்கும். நமது கிணற்று நீரோ சுண்ணாம்பு மிக்க கடின நீர்.

‘சிறிது அமிலம் ஊற்றினால் போதுமே’ என்பாருளர். போதாது. நீரிலுள்ள பைகார்பனேட் அவ்வமிலத்தை விழுங்கிவிடும், இறங்கிய பி.எச். மீண்டும் ஏறும். அவ்வளவையில் ஒரு படி என்பது பத்து மடங்கு மாற்றம். அந்த ஏற்ற இறக்கமே மெல்லுயிரை மாய்ப்பது.

ஆகவே, முதலில் குறைக்க வேண்டியது கடினத்தையே. சேமித்த மழைநீரை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கலக்கின்றோம். நாட்டு வாதுமைச் சருகும் இடுகின்றோம். ஆற்று மீன் வேறு நீர் தேடிச் செல்லும். அடைபட்ட மீனுக்கு அவ்வழி இல்லை. அதன் நீர் நம் கையில் உள்ள அமானிதம். அமானிதத்தில் அவசரம் ஆகாது.